முழுக்கக் காலி

வாசலில் அட்டை தொங்குகிறது:
கழுவியதை மட்டுமே வாங்குவோம்.
யார் படிக்கிறார்கள்.

திரியெஸ்தேயில் போரா காற்று அடிக்கிற நாட்களில்
கடைக்குள் வருகிறவர்கள் எல்லோருமே
யாரோ துரத்தி ஓடிவந்தவர்கள் போலிருப்பார்கள்.
பையைக் கவுண்டரில் கொட்டிவிட்டு
"எல்லாம் காலிதான், ஒந்தீனா" என்பார்கள்.
நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்ப்பேன்.

காலி என்பது சும்மா ஒரு பேச்சு.
பவுண்டேஷன் பாட்டிலின் தோளில்
எப்போதும் ஒரு வாரம் மிச்சமிருக்கும்.
லிப்ஸ்டிக் குழலின் அடியில், விரல் போகாத இடத்தில்,
ஒரு கல்யாணத்துக்குப் போதுமான சிவப்பு.

பின்னறையில் தொட்டி, வெந்நீர்,
பழைய டூத் பிரஷ், ஐஸ் குச்சி, கொஞ்சம் சமையல் எண்ணெய்.
எண்ணெயை எண்ணெய்தான் இழுக்கும்.
மஸ்காரா தண்ணீருக்கு மசியாது.
முதலில் வழிக்க வேண்டும்,
வழித்ததைக் காகிதத்தில் துடைக்க வேண்டும்,
தொட்டிக்குள் விடவே கூடாது.
ஒருமுறை குழாய் அடைத்து
பிளம்பர் லிவியோ முழங்கை வரை கையை விட்டு
வந்த சேற்றைப் பார்த்து, "இது யாருடைய முகம்?" என்றான்.
எழுநூறு பேருடையது என்றேன்.

பம்புக்குள் ஒரு ஸ்பிரிங் ஒளிந்திருக்கிறது.
அது உள்ளே இருக்கும்வரை
பிளாஸ்டிக்கை பிளாஸ்டிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.
குறடு வைத்தால் துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடும்.
கண்ணாடி ஜாடிக்கு உலோக மூடி,
மூடிக்குள் அட்டை வளையம்,
அட்டை மேல் வெள்ளிக் காகிதம்.
முப்பது கிராம் க்ரீமுக்கு
எத்தனை சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள்!
பிரித்து வைக்கிறவள் நான்,
விவாகரத்துக் கோர்ட் குமாஸ்தா மாதிரி.

பெயர் எழுதாமலே ஆள் தெரியும்.
டியூபைக் கத்தரியால் வெட்டி, உள்ளே வழித்து,
வெட்டிய வாயில் டேப் ஒட்டி அனுப்புகிறவள்
துறைமுக அலுவலகத்து நெரேயா.
பாதி தீருமுன்பே தூக்கிப் போடுகிறவர்
மேல்தெரு நோட்டரி.
ஆண்களுக்கும் சுருக்கம் விழும், வெளியில் சொல்லக் கூடாது,
நான் சொல்வதில்லை.

தரிங்கா கொண்டுவந்தவற்றை மட்டும்
திரும்பக் கழுவ வேண்டியதே இல்லை.
லேபிளை உரித்து, பசையையும் சுரண்டி,
தலைகீழாகக் காயவைத்து,
மருந்துக்கடைக் காகிதத்தில் சுற்றி.
அக்டோபரில் ஒன்பது. எல்லாமே கன்சீலர்.
நான்கு, பச்சை.
பச்சை எதை மறைக்கும் என்று
இருபத்தாறு வருடம் விற்றவளுக்குத் தெரியாதா.
ஐந்து, பீச் நிறம்.
அது, சிவப்பு நீலமான பிறகு.

"ரொம்பச் சுத்தம்" என்றேன்.
வேறெதுவும் வாயில் வரவில்லை.
"ஏதாவது ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவீர்களே"
என்றாள்.
ரசீதின் பின்னால் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
மடித்தாள். நான்காக, எட்டாக,
இனி மடியாது என்கிற வரைக்கும்.

நவம்பரில் பதினொன்று. டிசம்பரில் ஆறு.
பிறகு ஆளே காணோம்.
வெள்ளிதோறும் லாரிக்காரன் எடை போட்டு
இத்தனை கிலோ என்று எழுதித் தருகிறான்.
குறைந்தது நல்லதற்கா கெட்டதற்கா
என்று அந்தச் சீட்டில் இருக்காது.

ஏப்ரலில், காற்று ஓய்ந்து
கடல் பலகை போலக் கிடந்த ஒரு காலை,
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள்.
கையில் ஐஸ்கிரீம். முகத்தில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றால்,
ஒரு மரு, கொஞ்சம் வெயில், மூக்கின் மேல் புள்ளிகள்.
பையைத் துழாவி ஒரே ஒரு லிப்ஸ்டிக் எடுத்தாள்,
மூடி தொலைந்தது, முடியும் ரொட்டித் தூளும் ஒட்டியது,
இன்னும் ஒரு விரற்கடை மிச்சமுள்ளது.
"நிறம் பிடிக்கவில்லை. கழுவவும் இல்லை" என்றாள்.
அட்டையைப் பார்த்தேன்.
"கொடு."

அன்றைக்கு வழிக்கவில்லை, துடைக்கவில்லை.
வெந்நீரை நேராகத் திறந்துவிட்டேன்.
நெடுநேரம் சிவப்பாகவே போயிற்று.
அடைத்தால் அடைக்கட்டும்.
லிவியோவுக்கும் வேலை வேண்டாமா.